ஏழு லீவர் பெட்டியும் ஒரு காலிச் சுவரும்

ஆனந்தவல்லி எதையும் ஒரு தரம் பார்த்தால் போதும், மூன்றில் ஒன்றாகச் சொல்லிவிடுவாள்: நல்லது, பழுது பார்க்கத் தக்கது, கழிவு. புனே பக்கத்தில் தேஹு ரோடில் ராணுவக் கிடங்கில் முப்பத்தேழு வருஷம் ஸ்டோர் வேலை பார்த்தவளுக்கு நாலாவது வகை ஒன்று உலகத்தில் இருப்பதாகத் தெரியாது. கூடாரத் துணியிலும் தண்ணீர்ப் பம்பிலும் தொடங்கிய இந்தப் பழக்கம் நாளடைவில் கல்யாணப் பந்தலுக்கும் போய்விட்டது. மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, "ரிப்பேர் பண்ணினா தேறும்" என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவே இருந்தது. சொந்தக்காரர்களுக்கு அவள்மேல் இருந்த கோபமே அதுதான்.

திருச்சி பாலக்கரையிலிருந்து 1966இல் வேலைக்கு வந்து இறங்கியபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. இந்தி தெரியாது, மராத்தி என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரே வருஷத்தில் இரண்டிலும் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். சாதாரணமாகப் பேசக் கற்றுக்கொள்ள இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. கிடங்கில் ஒரு சாமான் உள்ளே வந்தால் அதற்கு ஒரு கார்டு எழுத வேண்டும்: பெயர், நம்பர், வந்த தேதி, இருக்கிற நிலைமை. நம்பர் இல்லாத சாமான் அவளைப் பொறுத்தவரை சாமானே இல்லை. ஆடி அசைகிற, ஓடுகிற, பளபளவென்று மின்னுகிற யந்திரமாக இருந்தாலும் சரி, நம்பர் அழிந்திருந்தால் ஓரமாக வைத்துவிடுவாள். "பேர் தெரியாதவனுக்குப் பந்தியில எலை போடலாம், சொத்துல பங்கு குடுக்க முடியுமா?" என்பது அவள் நியாயம்.

நாள் முழுக்கச் சாமான்களுக்கு நடுவே இருப்பவளுக்கு வீட்டில் என்ன ஆசை இருக்கும்? சாமானே இல்லாத ஒரு சுவர் வேண்டும். அவ்வளவுதான். வெள்ளையடித்த ஒரு சுவர், ஆணி இல்லாமல், காலண்டர் இல்லாமல், அதற்கு எதிரே ஒரு நாற்காலி, கையில் காபி. அதிகமான ஆசை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கு வாய்த்தவர் பாலசுப்ரமணியன்.

பாலசுப்ரமணியன் சிஞ்ச்வட்டில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அளவு பார்க்கும் இன்ஸ்பெக்டர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒன்று கூடினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவர். வீட்டுக்கு வந்தால் அளவு என்பதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் லோக்கல் ரயில் பிடித்துப் புனே போவார். ஜூனா பஜாரில் நடைபாதையில் பரப்பி வைத்திருப்பதில் எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். ஓடாத சுவர்க் கடிகாரங்கள் ஐந்து, ஐந்தும் ஐந்து மணி காட்டும். 1988 முதல் 'மழை' என்பதிலேயே நிலைகுத்தி நிற்கும் ஒரு காற்றழுத்தமானி. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது சொல்வது சரியாகவும் இருக்கும். கிராமபோன் இல்லாத ஒரு கிராமபோன் குழல். ஒரு கப்பல் மணி. எல்லாம் சுவரில்.

இந்தப் படையெடுப்பின் உச்சம் 1992 நவம்பரில் வந்தது. புனே பவானி பேட்டில் ஒரு வெல்ல மண்டியை மூடினார்கள். அங்கே இருந்த சாமான்களை ஏலம் விட்டார்கள். மனிதர் எழுநூறு ரூபாய்க்கு ஓர் இரும்புப் பெட்டியை எடுத்துவிட்டார். இடுப்புயரம், முக்கால் ஆள் கனம் என்று சொன்னால் பொய். ஐந்து ஆள் கனம். எட்டு ஹமால்கள் சுமந்து வந்தார்கள். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரிக்கிறவர் தன் வீட்டு வாசலை அளந்து பார்க்கவில்லை. நிலைக்கதவைப் பெயர்த்துத்தான் பெட்டி உள்ளே வந்தது.

"என்னங்க இது?" என்றாள் ஆனந்தவல்லி.

"தார்ன்பெரி அண்ட் சன்ஸ். சீமைல பண்ணினது. நூறு வருஷம் இருக்கும். ஒரிஜினல் சாவியோட!"

"உள்ள வைக்கறதுக்கு என்ன இருக்கு நம்மகிட்ட?"

அவர் சாவியைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவு கோபத்திலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கார்டை எடுத்து எழுதினாள். கார்டு எழுதுவது கோபத்தைவிடப் பழைய பழக்கம். எழுதிய கார்டைக் கதவின் உட்புறம் குண்டூசியால் ஒரு தோல் பட்டைக்குப் பின்னால் குத்திவிட்டு, சமையல் உள்ளே போய்விட்டாள்.

ஒரு மாதம் பெட்டி காலியாக இருந்தது. பிறகு அதன் உபயோகம் தானாகத் தெரிந்தது. எறும்பு நுழையாது, கரப்பான் நுழையாது, கோடையிலும் உள்ளே குளிர்ச்சி. ஆவக்காய் ஜாடியும் மாவடு ஜாடியும் நெருப்புக்கும் திருட்டுக்கும் அஞ்சாத அந்தப் பெட்டிக்குள் குடியேறின. மேல் தட்டில் எலுமிச்சை. சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. அதாவது பெட்டி எப்போதும் பூட்டியிருந்தது, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பித்தளைத் தலையும் இரும்புத் தண்டுமாக நல்ல கனமான சாவி. வெள்ளிக்கிழமை குத்துவிளக்குத் தேய்க்கும்போது அதையும் ஆணியிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துவிடுவாள். ஆயுத பூஜைக்கு ஸ்பெஷலாக இரண்டு தரம். வீட்டிலேயே பளிச்சென்று இருந்த பழைய சாமான் அந்தச் சாவி ஒன்றுதான்.

பதினொரு வருஷம் அந்தப் பெட்டியைச் சொல்லிக் காட்டியே அவள் பல விவாதங்களை வென்றாள். மிக்ஸி வாங்குவதோ, காசிக்குப் போவதோ, எந்தப் பேச்சும் கடைசியில், "எழுநூறு ரூவாய்க்கு இரும்பு வாங்கினவர்தானே நீங்க" என்று முடியும். ஒரு விஷயத்தில் தப்பு செய்த மனிதர் எல்லா விஷயத்திலும் கைதி.

2003இல் ஆனந்தவல்லி ஓய்வு பெற்றாள். இருவர் பணத்தையும் சேர்த்துச் சிஞ்ச்வட்டில் ஒரு சொசைட்டியில் மூன்றாவது மாடியில் ஃபிளாட் வாங்கினார்கள். மே கடைசிக்குள் தேஹு ரோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொசைட்டி செகரட்டரி பெட்டியின் எடையைக் கேட்டுவிட்டு, லிஃப்டில் எழுதியிருந்த 'ஆறு பேர்' என்பதைக் காட்டினார். பிறகு மாடிப்படியைக் காட்டினார். பிறகு வானத்தைக் காட்டினார். ஆக, பெட்டி வராது.

ஆனந்தவல்லி புது வீட்டை நாலு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஹாலில் மேற்குச் சுவர் பதினொன்றரை அடி, ஒரு ஜன்னல்கூடக் குறுக்கே இல்லை. அதன் எதிரே நின்றபோது அவளுக்குப் பேச்சு வரவில்லை என்பதைப் பாலசுப்ரமணியன் கவனித்தார். கவலைப்பட்டார்.

"என் கடிகாரத்தையெல்லாம் எங்க மாட்டறது, வல்லி?"

"மாட்டப் போறதில்ல. பழைய இரும்புக்காரன் பவுன் டெம்போல ஏத்தப் போறேன்."

அன்று மாலை வரை வாக்குவாதம் நடந்தது. முடிவில் பந்தயமாக வந்து நின்றது. பெட்டியை விற்பது, இரும்பு விலையைப் போல் இரண்டு பங்குக்கு மேலே போனால், பழைய சாமான் வாங்குவதில் அவருக்கு ஏதோ ஞானம் இருக்கிறது என்று அர்த்தம், மேற்குச் சுவர் அவருக்கு. போகவில்லை என்றால் கடிகாரம், குழல், மணி, மழை சகலமும் பழைய இரும்புக்கு. கிடங்கில் மதிப்புப் போடும் நாளில் ஆளுக்கு ஒரு சீட்டில் தொகையை முதலிலேயே எழுதி மடித்து வைத்துவிடுவார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்றக் கூடாதென்று. இங்கேயும் அப்படியே செய்தார்கள். இரண்டு சீட்டும் ஆவக்காய் ஜாடிக்கு அடியில் போயின.

முதலில் பவுன் வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், தேஹு ரோடில் பங்கார் என்கிற பழைய இரும்புக் கடை. கிடங்கு ஏலத்தில் இருபது வருஷமாக அவளிடம் பேரம் பேசித் தோற்றவன். அவன் பெயர்தான் பவுன், தொட்டதெல்லாம் இரும்பு.

"யக்கா, முன்னூத்தம்பது கிலோ இருக்கும். ஆனா சொவத்துக்கு நடுவுல சாம்பலும் மண்ணும்லா அடைச்சிருப்பான் வெள்ளக்காரன், தீப்புடிக்காம இருக்க. பாதிக்குப் பாதி மண்ணு. நூத்தெழுவது கிலோக்குப் போட்டுக்கிடுதேன்."

"ரெண்டு இஞ்ச் கனம், அஞ்சு பக்கம். மண்ணு நூறு கிலோக்கு மேல போகாது. நீ பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாருக்குக் குடுத்த தொந்தரவ எனக்குக் குடுக்காத."

பவுன் சிரித்தான். "சரிக்கா. எரநூத்தம்பது. ரெண்டாயிரத்து முன்னூறு தாரேன். ஒங்களுக்குங்கதால."

அவன் போனதும் ஆனந்தவல்லி ஜாடியைத் தூக்கித் தன் சீட்டை எடுத்துப் பிரித்தாள். 'ரூ. 2,300.' அதைக் கணவர் எதிரே மேஜைமேல் வைத்துவிட்டுக் காபி போடப் போனாள். ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"அது இரும்புக்கு வெல. பழைய சாமான் கடை ஜோசபின் வரட்டும்" என்றார் பாலசுப்ரமணியன். அவர் சீட்டைப் பிரிக்கவில்லை.

ஜோசபின் அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மாருதி வேனில் வந்தாள். கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கும் வேலூர்க் குடும்பம். புனே கேம்ப்பில் பழைய நாற்காலி, விளக்கு, அலமாரி வாங்கி விற்கும் கடை. ஹோட்டல்காரர்களும் கோரேகாவ் பார்க் பங்களாக்காரர்களும் அவளுக்கு வாடிக்கை. ஐம்பதை நெருங்கும் வயது, பெரிய கைப்பை, அதற்குள் டார்ச், பூதக்கண்ணாடி, காந்தம். செருப்பைக் கழற்றும்போதே கண் பெட்டியின்மேல் போய்விட்டது. அதை மறைக்க, "பாணி கிடைக்குமா அக்கா? என்னா வெயில்!" என்றாள்.

ஆனந்தவல்லி தண்ணீரைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். மதிப்புப் போடுகிற இன்னொருத்தியைப் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. ஜோசபின் முதலில் பெட்டியைத் தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள். விரல் நகத்தால் அடிப்பக்கம் பெயின்ட்டைச் சுரண்டினாள். காந்தத்தைக் கைப்பிடியில் வைத்தாள், ஒட்டவில்லை. "பக்கா பித்தளை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். 'வேலை தெரிந்தவள்தான்' என்று ஆனந்தவல்லியும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் பிடித்தும் போயிற்று. அது ஆபத்து என்று அப்போது தெரியவில்லை.

சாவியைப் போட்டுத் திருப்பியபோது உள்ளே கடகடவென்று ஒன்றன்பின் ஒன்றாக ஏதோ எழும்பி உட்கார்ந்தது. "ஏழு லீவர்!" என்றார் பாலசுப்ரமணியன், தன் குழந்தை பாட்டுப் போட்டியில் பாடுவதைப் போல. கதவு திறந்தது. ஊறுகாய் வாசனை ஹாலை நிறைத்தது.

"அரே பாப்ரே! பேங்க்கா அக்கா, மெஸ்ஸா?"

"எறும்பு வராது" என்றாள் ஆனந்தவல்லி.

ஜோசபின் டார்ச் அடித்துக் கதவின் உட்பக்கத்தைப் பார்த்தாள். பூட்டின்மேல் ஒரு பித்தளைத் தகடு, நூறு வருஷ அழுக்கேறிக் கறுத்துப் போயிருந்தது. "தேக்கோ, எவ்வளவு அழகு! யாரும் தொடல. இந்த அழுக்குக்குத்தான் அக்கா காசு" என்று மகிழ்ந்துபோனாள். தன் வீட்டு அழுக்கை ஒருத்தி மெச்சுவதை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஆனந்தவல்லிக்குத் தெரியவில்லை. தகட்டில் கம்பெனி பெயர், கீழே நம்பர்: 4763.

அதற்குப் பிறகு ஜோசபின் சாவியை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். பூதக்கண்ணாடியை வைத்து ஒரு பக்கம் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இதுல நம்பர் இல்லையே, சார்."

"என்ன நம்பர்?"

"சாவித் தலையில பூட்டு நம்பர் அடிச்சிருப்பான். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் ஒரிஜினல் சாவி. இது மொழுமொழுன்னு இருக்கு. டூப்ளிகேட் ஹை, சார். யாரோ நல்ல கைக்காரன் பண்ணது."

"ஆனா தெறக்குதே!"

"தெறக்காம பின்ன? தெறக்கத்தானே டூப்ளிகேட் பண்றது." ஜோசபின் பெட்டியை ஏக்கத்தோடு பார்த்தாள். "என் பார்ட்டி ஒரு ஹோட்டல்காரர். ரிசப்ஷன்ல வைக்கணுமாம். நம்பர் மேட்ச் ஆகணும், இல்லாட்டி தொடமாட்டார். மேட்ச் ஆனா இருபத்தெட்டாயிரம் நானே குடுப்பேன். இப்போ... நாலாயிரம். என் கடைல பூந்தொட்டி வைக்க ஆகும்."

நாலாயிரம். இரும்பு விலையின் இரண்டு பங்கு நாலாயிரத்து அறுநூறு. பாலசுப்ரமணியன் மனக்கணக்குப் போடுவது அவர் உதட்டில் தெரிந்தது.

"அஞ்சாயிரமா வெச்சுக்கங்களேன்" என்றார். குரலில் கடிகாரங்கள் ஐந்தும் கெஞ்சின.

"நாலுக்கு மேல ஒரு பைசா ஆகாது, சார். சாரி."

ஆனந்தவல்லி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மேற்குச் சுவர் பதினொன்றரை அடியும் அவள் கண் முன்னால் வெள்ளை வெளேரென்று நின்றது. அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாழ்க்கையில் அவள் அதிகம் செய்து பழகாத ஒன்று, ஆனால் முடியாத காரியம் இல்லை. பார்வை தன் கைகள்மேல் விழுந்தது. விரல் நுனிகளில் முந்தின வெள்ளிக்கிழமைப் புளியின் கறுப்பு இன்னும் போகவில்லை.

நம்பர் இருந்தது. சாவித் தலையில், வளைவில், நாலு இலக்கம். அவளே பார்த்திருக்கிறாள். பதினொரு வருஷம், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜைக்கு இரண்டு தரம். நம்பர் அழிந்த சாமானை ஆயுள் முழுக்க ஓரம்கட்டி வைத்தவள், ஒரு நம்பரை உட்கார்ந்து நிதானமாகத் தேய்த்தே அழித்திருக்கிறாள். அதுவும் பக்தியோடு.

பாலசுப்ரமணியன் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "ஏலக்காரன் நல்லா சொல்லிட்டான் எங்கிட்ட," என்றார் மெதுவாக. "ஒரிஜினல் சாவின்னு. நான் ஏமாந்துட்டேன்போல இருக்கு, வல்லி."

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் பதினொரு வருஷம் காத்திருந்தாள். தினமும் ஏதாவது ஒரு வழியில் அதை வரவழைக்கப் பார்த்திருக்கிறாள். இப்போது அதுவே நடந்து வந்து எதிரே நிற்கிறது, உண்மையில்லாமல். தப்பு மதிப்புப் போட்ட தாளில் ஆனந்தவல்லி ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. மேஜர் நின்று கேட்டிருக்கிறார், போட்டதில்லை.

"ஏமாறல" என்றாள். எழுந்தாள். "ஜோசபின், அந்தச் சாவிய இங்க குடு. ஏங்க, பென்சில் ஒண்ணு எடுங்க, மிருதுவானதா. மளிகைக் கடை ரசீது இருக்கும் பாருங்க, மெல்லிசுத் தாளு."

தேய்ந்துபோன முத்திரையைப் படிக்கக் கிடங்கில் ஒரு வழி உண்டு. உலோகத்தைத் துடைத்து, மெல்லிய தாளை இழுத்துப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்து, எறும்பு ஊர்வதைப் போல ஓட்ட வேண்டும். அவசரப்பட்டால் வெறும் கறுப்புதான் வரும். ஆனந்தவல்லி அவசரப்படவில்லை. தாளில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு '4' வந்தது. அதற்குப் பக்கத்தில் காலி. அப்புறம் வயிறு மட்டும் ஒரு '6'. கடைசியில், வளைவின் ஓரமாகப் புளி சரியாக எட்டாத இடத்தில், சுத்தமாக ஒரு '3'.

"நாலு, ஆறு, மூணு" என்றாள் ஜோசபின். "நடுவுல ஒண்ணு காணோமே, அக்கா."

"அதுக்கும் இருக்கு."

கதவின் உட்புறம் தோல் பட்டைக்குப் பின்னால் கையை விட்டாள். குண்டூசி துருப்பிடித்துக் கார்டோடு ஒட்டிப்போயிருந்தது. மெல்லப் பிரித்து எடுத்தாள். பதினொரு வருஷ நல்லெண்ணெய் ஏறி, கார்டு கண்ணாடிபோல் ஆகிவிட்டிருந்தது. அவளுடைய பழைய கையெழுத்து, ஒரு எழுத்து சாயாமல்: இரும்புப் பெட்டி, ஒன்று. பூட்டு நம்பர் 4763. சாவி நம்பர் 4763. இரண்டும் ஒத்துப் பார்க்கப்பட்டது. தேதி 14.11.1992. நிலைமை: கழிவு.

ஜோசபின் கார்டை வெளிச்சத்தில் பிடித்தாள். முகர்ந்தாள்.

"நேத்து எழுதி வெச்சதுன்னு சொல்லலாம்னு பாத்தேன்," என்றாள் ஒளிக்காமல். "ஆனா இந்த எண்ணெ ஒரு நாள்ல ஏறுற எண்ணெ இல்ல. சரி, நம்பர் எப்படிப் போச்சு? யார் தேச்சாங்க?"

"நான்தான்."

"எதுல?"

"புளியில."

ஜோசபின் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அக்கா, லண்டன்காரன் தீக்குத் தாங்கும், திருடனுக்குத் தாங்கும்னு பண்ணி அனுப்பினான். உங்களுக்குத் தாங்கும்னு அவன் நினைக்கல."

பாலசுப்ரமணியன் முதலில் சிரிக்கவில்லை. கார்டை வாங்கி, கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் சிரித்தார். "கழிவுன்னு எழுதியிருக்கே."

"அன்னிக்கு இருந்த கோபத்துல எழுதினது" என்றாள். தவறு என்று சொல்லவில்லை.

"சலோ, இருபத்தெட்டாயிரம்" என்று ஜோசபின் கைப்பையைத் திறந்தாள்.

"இருபத்தெட்டா?" ஆனந்தவல்லி மறுபடியும் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். "இது என்ன, இரும்பா?"

பாலசுப்ரமணியனுக்குப் புரையேறியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏழு லீவர். ஒரிஜினல் பெயின்ட். நூறு வருஷ அழுக்கு, நீயே சொன்னே. நம்பர் ஒத்துப்போற சாவி. அதுக்கு மேல கவர்மென்ட் ஸ்டோர் கீப்பர் கையெழுத்துப் போட்ட கார்டு. எந்தப் பெட்டிக்கு இதெல்லாம் இருக்கு? உன் ஹோட்டல்காரர்கிட்ட இந்தக் கதைய சொல்லி நீ அம்பது வாங்குவே. நாப்பது குடு."

"அக்கா, சாவில நம்பர் பாதிதான் இருக்கு! பார்ட்டிகிட்ட நான் என்ன சொல்றது?"

"தெனமும் கையில எடுத்து ஆண்ட சாவின்னு சொல்லு. பொய்யா?"

அரைமணி நேரம் நடந்தது. தமிழில் தொடங்கி, இந்தியில் சூடு பிடித்து, மராத்தியில் ஒருவரையொருவர் குறை சொல்லி, மறுபடி தமிழில் வந்து முப்பத்து நாலாயிரத்தில் முடிந்தது. ஹமால் கூலி ஜோசபினுடையது. நிலைக்கதவைப் பெயர்த்து மறுபடி வைக்கும் செலவும் அவளுடையதே. கார்டும் பெட்டியோடு போகும். ஆனால் 'கழிவு' என்பதை அடித்து, 'நல்லது' என்று திருத்தித் தேதி போட்டுக் கையெழுத்திட்டுத்தான் கொடுப்பேன் என்றாள் ஆனந்தவல்லி. திருத்தாத கார்டுக்குத்தான் மதிப்பு என்று ஜோசபின் கெஞ்சிப் பார்த்தாள். அதில் மட்டும் பேரம் நடக்கவில்லை.

ஜோசபின் போன பிறகு பாலசுப்ரமணியன் ஜாடிக்கு அடியிலிருந்து தன் சீட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். 'ரூ. 25,000.'

"நீங்களும்தான் தப்பு," என்றாள். "ஒம்பதாயிரம் கொறைச்சு எழுதியிருக்கீங்க."

இன்றைக்கும் யாராவது கேட்டால் அவள் கணக்கு இதுதான்: அவர் பழைய சாமான் விலை தப்பாகச் சொன்னார், அவள் இரும்பு விலை சரியாகச் சொன்னாள், ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை. பவுனே சாட்சி.

வியாழக்கிழமை எட்டு ஹமால்கள் வந்தார்கள். நிலை மறுபடி பெயர்ந்தது. "உச்சலா! உச்சலா!" என்று தூக்கச் சொல்லி ஒருவன் குரல் கொடுக்க, பெட்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து வெளியே போயிற்று, அதன் பின்னால் ஆவக்காய் வாசனையும் தெருக்கோடி வரை போயிற்று. ஜாடிகள் தரையில் நின்றன. அதே நாள் பிற்பகல் சிஞ்ச்வட்டுக்குச் சாமான் ஏற்ற டெம்போ வருவதாக ஏற்பாடு. பாலசுப்ரமணியன் காலையிலேயே எல்லாக் கடிகாரங்களையும் கழற்றி, பழைய வேட்டிகளில் சுற்றி, மேற்குச் சுவரில் எது எங்கே என்று ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். அளவுகள் மில்லிமீட்டரில். மழையை நடுவில் மாட்டுவதாக இருந்தார்.

டெம்போ தாமதமாயிற்று. ஆனந்தவல்லி கடைசிப் பாலில் காபி போட்டாள். தம்ளரோடு ஹாலுக்கு வந்தவள் நின்றாள்.

பெட்டி இருந்த இடத்துக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. பதினொரு வருஷமாக யாரும் பார்க்காத சுவர். சுற்றிலும் புகையேறி மங்கியிருக்க, பெட்டி மறைத்த இடம் மட்டும் 1992ஆம் வருஷத்து டிஸ்டம்பரில், இளம்பச்சையாக, நேற்று அடித்ததைப் போல இருந்தது. மேலே கடிகார ஆணிகள்கூட இல்லை. அவற்றையும் அவர் பிடுங்கி எடுத்துக்கொண்டுவிட்டார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒன்றும் இல்லை.

கட்டி வைத்திருந்த நாற்காலிகளில் ஒன்றின் கயிற்றை அவிழ்த்தாள். சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். காபியை ஒரு வாய் குடித்தாள்.

வாசலில் ஹாரன் அடித்தது. "வல்லி, டெம்போ வந்தாச்சு! கடிகாரத்த மொதல்ல ஏத்தணும், கடைசில ஏத்தினா ஒடையும்!" என்று பாலசுப்ரமணியன் உள்ளே ஓடி வந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார். அவள் பார்க்கும் இடத்தையும் பார்த்தார். அங்கே பார்க்க எதுவும் இல்லை என்பது அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"என்ன பண்றே?"

"டெம்போக்காரன வெயிட் பண்ணச் சொல்லுங்க" என்றாள் ஆனந்தவல்லி, திரும்பாமல். "பத்து நிமிஷம். வெயிட்டிங் சார்ஜ் கேட்டா குடுத்துடுங்க. முப்பத்து நாலாயிரம் இருக்கு."

அவர் கட்டி வைத்திருந்தவற்றில் இன்னொரு நாற்காலியின் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"அது வேண்டாம்" என்றாள். "மறைக்கும்."